வெனிஸ்: படகுக்காகக் கட்டிய ஊரில் காலால் நடப்பது

கிராண்ட் கால்வாயின் ஒரு கரையில் கிராஸி மாளிகை இருக்கிறது. நேர் எதிர்க்கரையில் கா ரெட்சோனிகோ அருங்காட்சியகம். இடையில் இருப்பது சில பத்து மீட்டர் தண்ணீர்தான். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக வேண்டுமானால், சாந்தோ ஸ்தெஃபானோ சதுக்கம் வரை உள்ளே போய், அக்காதெமியா பாலத்தில் ஏறி இறங்கி, தொலெத்தா சந்து வழியாக சான் பர்னபா வந்து, அங்கிருந்து கால்வாய் ஓரம் திரும்ப வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வெனிஸில் முதல் நாள் போடும் திட்டங்கள் குலைவது பெரும்பாலும் இப்படித்தான். வரைபடத்தில் தூரத்தைப் பார்க்கிறார்கள். பாலம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

கார், பேருந்து, சைக்கிள் எதுவும் ஓடாத ஊர். ஆகவே நடப்பதற்கென்றே அமைந்த ஊர் என்று எளிதாக எண்ணிவிடலாம். உண்மையில் அது படகுக்காகக் கட்டப்பட்ட ஊர். நடைவழி பிறகு வந்தது, அதுவும் துண்டு துண்டாக, ஒவ்வொரு இடைவெளியாக இணைத்து இணைத்து வந்தது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால், சந்து ஏன் தண்ணீரில் முடிகிறது, பாலம் ஏன் கோணலாக நிற்கிறது, வீட்டு எண் ஏன் உதவுவதில்லை என்பதெல்லாம் விளங்கிவிடும். வழியும் பாதிக்குப் பாதி சரியாகிவிடும்.

தீவும் முற்றமும்

காயலின் நடுவே சேற்றுத் திட்டுகளாக இருந்த சுமார் 118 சிறு தீவுகள்தான் இன்றைய வெனிஸ். ஒவ்வொரு திட்டிலும் ஒரு தேவாலயம், அதன் முன்னால் ஒரு வெட்டவெளி, சுற்றிலும் வீடுகள், கரையில் படகுத்துறை. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் படகில் போனார்கள். அந்த வெட்டவெளிதான் காம்போ. இன்று கல் பாவியிருக்கும் இந்தக் காம்போக்கள் ஒரு காலத்தில் வெறும் புல்தரையாக இருந்தவை. ஊரில் ‘பியாட்சா’ என்ற பெயர் சான் மார்கோ சதுக்கத்துக்கு மட்டுமே. மற்றவை எல்லாம் காம்போ, அல்லது அதன் சிறு வடிவமான காம்பியெல்லோ.

காம்போவின் நடுவில் கல்லில் செதுக்கிய கிணற்றுவாய் ஒன்று இருக்கும். அது ஊற்றுக் கிணறு அல்ல. உப்புநீர் சூழ்ந்த தீவில் தோண்டினால் நல்ல தண்ணீர் வராது. எனவே முற்றத்தைத் தோண்டி, குழியின் சுவரைக் களிமண்ணால் பூசி உப்புநீரைத் தடுத்து, உள்ளே மணலை நிரப்பினார்கள். கூரையிலும் தரையிலும் விழும் மழைநீர் முற்றத்தில் பதித்த துளைக் கற்கள் வழியாக மணலுக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, நடுவிலுள்ள செங்கல் உறைக்குள் ஊறும். அந்தத் துளைக் கற்களை இன்றும் கிணற்றுவாயைச் சுற்றிப் பார்க்கலாம். தரை அவற்றை நோக்கிச் சற்றுச் சரிந்திருப்பதைக் காலே உணரும். 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாய்நீர் வந்ததும் இந்தக் கிணறுகளின் வேலை முடிந்தது, வாயில் மூடி போட்டார்கள். இன்று காம்போக்களில் எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும் சிறு குழாய்களின் தண்ணீர் குடிக்க ஏற்றது. வெறும் பாட்டிலோடு போனால் போதும், வழியெல்லாம் நிரப்பிக்கொள்ளலாம்.

இப்படித் தனித்தனியாக வளர்ந்த தீவுகளைப் பின்னால் பாலங்களால் இணைத்தபோது, இந்தத் தீவின் சந்தும் அந்தத் தீவின் சந்தும் நேருக்கு நேர் இல்லை. அதனால் பல பாலங்கள் கால்வாயைச் சாய்வாகக் கடக்கின்றன. ‘கோணல் பாலம்’ என்றே பெயர் பெற்றவை ஊரில் பல. மொத்தம் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். அவற்றின் அடியில் படகு போக வேண்டும் என்பதால் ஏறக்குறைய எல்லாமே வளைந்து உயர்ந்து, படிகளோடு இருக்கின்றன. கைப்பிடிச் சுவர்கூடப் பிற்காலச் சேர்க்கைதான். ஊரின் வடபகுதியான கன்னரேஜோவில் உள்ள கியோதோ பாலத்தில் இன்றும் கைப்பிடி இல்லை. பழைய வெனிஸ் பாலங்கள் எப்படி இருந்தன என்று அதில் தெரியும்.

வீடுகளின் முகமும் தண்ணீரைப் பார்த்தே இருக்கிறது. மாளிகையின் அலங்காரம், வளைவுச் சாளரங்கள், படித்துறை எல்லாம் கால்வாய்ப் பக்கம். தெருப் பக்கம் இருப்பது கொல்லை வாசல். கிராண்ட் கால்வாயின் மாளிகைகளை நடந்து பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்: அதன் பெரும்பகுதி நெடுகிலும் கரையோரப் பாதையே கிடையாது. ஆகவே நடைப்பயணத்தைத் தொடங்கும் முன் ஒருமுறை 1ஆம் எண் வபொரெத்தோவில், அதாவது எல்லாத் துறையிலும் நின்று போகும் பொதுப்படகில், கால்வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போவது நல்லது. 75 நிமிடப் பயணச்சீட்டு 9.50 யூரோ, குறைவான தொகை அல்ல. ஆனால் முகத்தைப் பார்த்த பிறகு முதுகுப் பக்கம் நடந்தால் ஊர் பிடிபடும்.

பெயர்ப்பலகை சொல்லும் செய்தி

வெனிஸின் தெருப்பெயர்கள் சுவரிலேயே வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை பூசி, அதன்மேல் கறுப்பு எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். இவற்றை நிசியொலேத்தி என்கிறார்கள். பெயரின் முதற்சொல்லைக் கவனித்தால் முன்னே என்ன வரப்போகிறது என்று ஊகிக்கலாம்.

காலே என்றால் சந்து. இரண்டு பக்கமும் சுவர் நெருக்கும். காலே வரிஸ்கோ மிகக் குறுகிய இடத்தில் 53 சென்டிமீட்டர் அகலம்தான். ரமோ என்பது ஒரு காலேயிலிருந்து பிரியும் கிளை. பல ரமோக்கள் முட்டுச்சந்தாகவோ தண்ணீரிலோ முடியும், வேறு காரணம் இல்லாவிட்டால் நுழைய வேண்டாம். கோர்த்தே என்பது வீடுகள் சூழ்ந்த உள்முற்றம். பெரும்பாலும் போன வழியிலேயே திரும்ப வேண்டியிருக்கும். சலிசாதா என்றால் முன்காலத்திலேயே கல் பாவப்பட்ட முக்கியத் தெரு, அதைப் பிடித்தால் ஏதாவது ஒரு பெரிய காம்போவுக்குப் போய்ச் சேரலாம். ஃபொண்டமெந்தா என்பது கால்வாயை ஒட்டிய நடைபாதை. வழி தவறியவருக்கு மிகவும் உதவுவது இதுதான், ஏனென்றால் இரு பக்கமும் தொலைவுவரை பார்க்கலாம், அடுத்த பாலம் எங்கே என்று தெரியும். சொத்தோபோர்த்தேகோ என்பது வீட்டுக்கு அடியில் குடைந்து போகும் வழி. யாரோ ஒருவருடைய வீட்டு வாசல் என்று நினைத்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள். அதன் மேல் நிசியொலேத்தோ எழுதியிருந்தால் அது பொதுவழி. தலையைச் சற்றுக் குனிந்துகொண்டு போகலாம்.

ரியோ என்பது சிறு கால்வாய். ரியோ தெரா என்றால் மண் போட்டு மூடிய கால்வாய். வளைந்து நெளியும் சந்துகளுக்கு நடுவே திடீரென்று அகலமான, இருபுறமும் வீட்டு வரிசை விலகிய தெரு வந்தால் அது பெரும்பாலும் ரியோ தெராதான். கஸ்தெல்லோவில் உள்ள கரிபால்தி வீதி அப்படிப்பட்டது. நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் கால்வாயை மூடி அமைத்தது. 1871இல் திறந்த ஸ்திராதா நோவா வேறு வகை: இரயில் நிலையத்திலிருந்து ஊர் நடுவிலுள்ள சந்தைப் பகுதியான ரியால்தோ பக்கம் மக்கள் நேராகப் போக வேண்டும் என்று பழைய வீடுகளை இடித்து வெட்டிய சாலை. 1846இல் காயலின் மேல் இரயில் பாலம் வந்த பிறகு ஊரின் வாசலே மாறிப்போனது. அதுவரை கடல் பக்கம், சான் மார்கோவில் இருந்த வாசல் எதிர்மூலைக்கு வந்தது. தெருக்களில் பெரிய வெட்டுகள் அந்த மாற்றத்துக்குப் பிறகு விழுந்தவை.

ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வரைபடத்தில் சாந்தி ஜியோவன்னி ஏ பாவ்லோ என்று இருக்கும் தேவாலயத்தை ஊர்க்காரர்கள் சனிபோலோ என்பார்கள். சாந்தா மரியா தெல் ஜிலியோவும் சாந்தா மரியா சொபெனிகோவும் ஒன்றே. சுவரில் வெனிஸ் வழக்கிலும் வரைபடத்தில் இத்தாலியத்திலும் இருந்தால், ஓரிரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டு வேறு தெரு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

முகவரியும் கைப்பேசியும்

ஊர் ஆறு செஸ்தியேரேக்களாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்கோ, கஸ்தெல்லோ, கன்னரேஜோ, தொர்சொதூரோ, சான் போலோ, சாந்தா குரோசே. வீட்டு எண் தெருவுக்குத் தெரு அல்ல, செஸ்தியேரே முழுவதற்கும் ஒரே தொடராக ஓடுகிறது. சான் மார்கோ 1 என்பது பழைய வெனிஸ் குடியரசின் தலைவரான தோஜேயின் அரண்மனை. கஸ்தெல்லோவில் எண் ஆறாயிரத்தைத் தாண்டும். எண் வரிசை ஒரு கட்டடத் தொகுதியைச் சுற்றி வந்து, பிறகு அடுத்ததற்குத் தாவும். அதனால் அடுத்தடுத்த இரண்டு எண்கள் வெவ்வேறு சந்துகளில் இருக்கலாம். எதிரெதிர் கதவுகளுக்கு இடையில் ஆயிரம் எண் வித்தியாசமும் இருக்கலாம். ‘கஸ்தெல்லோ 4312’ போன்ற முகவரி தபால்காரருக்குப் போதும், விருந்தினருக்குப் போதாது.

தங்குமிடத்தாரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: செஸ்தியேரேயும் எண்ணும், தெருவின் பெயர், அருகிலுள்ள காம்போ, அருகிலுள்ள வபொரெத்தோ துறை. தெருப்பெயரை மட்டும் நம்பக் கூடாது. ‘அடுப்புச் சந்து’ என்ற பொருளில் காலே தெல் ஃபோர்னோ என்ற பெயர் ரொட்டி சுட்ட இடங்களில் எல்லாம் உண்டு. கைப்பேசி அவற்றில் ஏதோ ஒன்றைத் தேர்ந்து உங்களை ஊரின் மறுகோடிக்கு அனுப்பிவிடும்.

குறுகிய சந்துகளில் செயற்கைக்கோள் சமிக்ஞை உயரமான சுவர்களில் பட்டுத் தெறிப்பதால், திரையிலுள்ள நீலப்புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவும். சாதாரண ஊரில் அது சிறு பிழை. இங்கே பக்கத்துச் சந்து கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கலாம். இரண்டு மூன்று திருப்பத்துக்கு ஒருமுறை சுவரிலுள்ள பெயரைத் திரையிலுள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் நல்ல முறை, காம்போவிலிருந்து காம்போவுக்குத் திட்டமிடுவது. ‘அடுத்து சான் போலோ, அதன்பின் ஃப்ராரி’ என்று பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டால் இடையில் எந்தச் சந்தில் போனாலும் பாதகமில்லை. புள்ளி குழம்பினால் அடுத்த திறந்தவெளிவரை நடந்து, அங்கே நின்று பாருங்கள்; வானம் தெரிந்தால் புள்ளி தன் இடத்துக்கு வந்துவிடும்.

சுவர்களில் மஞ்சள் அம்புக்குறிகளும் உண்டு: ரியால்தோ, சான் மார்கோ, இரயில் நிலையம், ரோமா சதுக்கம். இவை பொய் சொல்வதில்லை, ஆனால் எல்லாரையும் ஒரே வழியில் அனுப்புகின்றன. நெரிசல் நேரத்தில் அந்த வழிகளில் ஒரு பாலத்தைக் கடக்கவே நிற்க வேண்டியிருக்கும். இரண்டு சந்து தள்ளிப் போனால் ஆள் அரவமே இருக்காது. திரும்பிப் போகும்போது, சோர்ந்த காலுக்கு மட்டும் மஞ்சள் அம்பு போதும்.

கிராண்ட் கால்வாயைக் கடப்பது

ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் நீளம், தலைகீழ் எஸ் வடிவம். இதைக் கடக்க நான்கே பாலங்கள். 1854 வரை ஒன்றே ஒன்றுதான், ரியால்தோ. இன்றுள்ள கல் பாலத்தை 1588 முதல் 1591 வரை அந்தோனியோ தா போந்தே கட்டினார். அக்காதெமியாவில் 1854இல் இரும்புப் பாலம் வந்தது. அதற்குப் பதிலாக 1933இல் தற்காலிகமாக என்று போட்ட மரப்பாலத்தின் வடிவமே இன்றும் நிற்கிறது. இரயில் நிலையத்தின் முன்னுள்ள ஸ்கால்ஸி கல் பாலம் 1934. ரோமா சதுக்கத்தையும் நிலையத்தையும் இணைக்கும் நான்காவது பாலம் 2008, கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்தது. அதன் கண்ணாடிப் படிகளில் மழைநாளில் வழுக்கி விழுந்தவர்கள் பலர்; அதனால் ஒரு பகுதியைக் கல்லாக மாற்றினார்கள். ஈரமாக இருந்தால் கண்ணாடியை விட்டுக் கல் பகுதியில் நடப்பது நல்லது.

நாள் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது ‘எந்தப் பாலத்தில், எத்தனை முறை கடக்கிறோம்’ என்பதே. இரு கரையிலும் இடங்களை மாற்றி மாற்றி அடுக்கினால் நாளில் பாதி பாலத்துக்கு நடப்பதிலேயே போய்விடும்.

பாலமில்லாத இடங்களில் திராகெத்தோ உண்டு. இது அலங்காரம் இல்லாத கோண்டோலா, இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள், கால்வாயைக் குறுக்கே கடந்து இறக்கிவிடுவார்கள். வெளியூராருக்கு 2 யூரோ. ஸ்திராதா நோவா பக்கத்து சாந்தா சொஃபியாவிலிருந்து ரியால்தோ சந்தைக்குப் போவது மிகவும் பயனுள்ளது, சான் தொமாவில் இருப்பது அடுத்து. சில்லறையைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாலையில் நின்றுவிடும், வெள்ளம் வந்தால் ஓடாது. சுற்றிக் காட்டும் கோண்டோலாவின் கட்டணம் நகராட்சி நிர்ணயித்தது: பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, மாலை 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. இது படகுக்கான கட்டணம், ஆளுக்கு அல்ல.

நிலையத்திலிருந்து சான் மார்கோ வரை, கூட்டம் போகாத வழியில்

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பெரும்பாலோர் இடப்பக்கம் திரும்பி லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா வழியாகப் போகிறார்கள். அதை விட்டுவிட்டு ஸ்கால்ஸி பாலத்தைக் கடந்து சாந்தா குரோசேக்குள் இறங்குங்கள். முதல் இலக்கு சான் ஜியாகோமோ தல்லோரியோ. மரங்களும் இருக்கைகளும் உள்ள, சுற்றிலும் குடும்பங்கள் வாழும் காம்போ. தேவாலயத்தின் மரக்கூரை கவிழ்த்துப் போட்ட கப்பலின் அடிவயிற்றைப் போல இருக்கும். கப்பல் கட்டும் தச்சு முறை வீடு கட்டுவதற்கும் வந்த ஊர் இது.

அங்கிருந்து ஃப்ராரி தேவாலயம். வெளியே செங்கல் மலை. உள்ளே பலிபீடத்தின் மேல் 1518இல் நிறைவுற்ற தித்சியானோவின் மாதா விண்ணேற்பு ஓவியம். அதை முன்னால் போய் நின்று பார்ப்பதற்கு முன், கூடத்தின் பின்கோடியிலிருந்து, பாடகர் மேடையின் வளைவுக்குள் அது அடங்கித் தெரியும் இடத்தில் நின்று பாருங்கள். ஓவியர் அந்தத் தொலைவைக் கணக்கில் வைத்திருக்கிறார் என்பது அப்போது தெரியும்.

அடுத்து சான் பந்தலோன். முகப்பு முடிக்கப்படாத வெறும் செங்கல் என்பதால் கடந்து போய்விடுகிறார்கள். உள்ளே கூரை முழுவதும் ஃபுமியானி வரைந்து ஒட்டிய பிரம்மாண்டமான துணி ஓவியம். பாலம் தாண்டினால் காம்போ சாந்தா மர்கெரீத்தா. நடுவில் தனியாக நிற்கும் சிறு கட்டடத்தின் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எந்த மீன் எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று அளவோடு எழுதிய பழைய சட்டம். அதே போன்ற கல்வெட்டு ரியால்தோ மீன்சந்தையிலும் உண்டு. குஞ்சு மீனைக் காக்கும் இந்த விதியைக் கல்லில் செதுக்கி வைத்த அரசின் மீது மதிப்பு வருகிறது.

தெற்கே ஐந்து நிமிடத்தில் புஞ்ஞி பாலம். அதன் உச்சியில் வெள்ளைக் கல்லில் நான்கு பாதத் தடங்கள். கஸ்தெல்லானி, நிகொலோத்தி என்ற இரண்டு ஊர்க் கட்சிகள் கைப்பிடி இல்லாத பாலத்தில் நின்று குத்துச்சண்டை போட்டு, எதிரியைத் தண்ணீரில் தள்ளிய இடம். 1705இல் அரசு அதைத் தடைசெய்தது. பாலத்தடியில் காய்கறிப் படகு நிற்கும். பழம் வாங்க நல்ல இடம்.

சான் பர்னபா, தொலெத்தா, அக்காதெமியா பாலம், சாந்தோ ஸ்தெஃபானோ. இந்தக் கடைசித் தேவாலயத்தின் பின்பகுதிக்கு அடியில் ஒரு கால்வாயே ஓடுகிறது, மணிக்கூண்டு நன்றாகச் சாய்ந்திருக்கிறது. பிறகு சான் மவுரீத்சியோ, சாந்தா மரியா தெல் ஜிலியோ. இதன் முகப்பில் புனிதர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். செலவை ஏற்ற பார்பரோ குடும்பத்தினரின் சிலைகளும், ரோம், கோர்ஃபு, பாதுவா முதலிய ஊர்களின் கல்லில் செதுக்கிய வரைபடங்களும்தான் இருக்கின்றன. அதன்பின் அகலமான மார்ச் 22 வீதி, சான் மொய்ஸே, சான் மார்கோ. நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரம். பார்த்துக்கொண்டு நடந்தால் ஒரு முழுக் காலையோ மாலையோ.

சான் மார்கோவுக்குக் காலை 8 மணிக்கு முன்போ, பகற்பயணிகள் திரும்பிய பின் மாலையிலோ வருவதே சரி. மணிக்கூண்டு 98.6 மீட்டர். 1902 ஜூலை 14 அன்று அது அப்படியே சரிந்து விழுந்தது. அதே வடிவில் கட்டி 1912இல் திறந்தார்கள். பேராலயத்தின் மாடத்தில் நிற்கும் வெண்கலக் குதிரைகள் நகல்கள், அசல் நான்கும் உள்ளே அருங்காட்சியகத்தில். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். முதுகுப்பையோடு உள்ளே விடமாட்டார்கள்.

ஓதமும் வெள்ளமும்

அக்டோபர் முதல் மார்ச் வரை போகிறவர்கள் வானிலையோடு ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும். நகராட்சியின் ஓத மையம் மணி வாரியாக வெளியிடுகிறது. அங்கே வரும் எண்கள் தண்ணீரின் ஆழம் அல்ல. 1897இல் வகுத்த கடல்மட்டப் புள்ளிக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் என்பது. ‘90’ என்று பார்த்து இடுப்பளவு வெள்ளம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சான் மார்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்ந்த இடங்களில் ஒன்று. சுமார் 80இல் அங்கே தண்ணீர் தலைகாட்டும், அதுவும் கரையைத் தாண்டி அல்ல, தரையடி வடிகால் துளைகள் வழியாக மேலே வரும். 90 என்றால் சதுக்கத்தில் கணுக்கால் அளவு, ஊரின் மற்ற பகுதி காய்ந்திருக்கும். 110இல் ஊரில் சுமார் 12 சதவீதம் நனையும். 140ஐத் தாண்டினால் பாதிக்கு மேல். 1966 நவம்பர் 4இல் 194, 2019 நவம்பர் 12இல் 187.

2020 அக்டோபர் 3 முதல் மோசே என்ற தடுப்பு இயங்குகிறது. காயல் கடலோடு சேரும் வாய்களில் கடலடியில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகள், உள்ளே காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால் நிமிர்ந்து நிற்கும். சுமார் 110ஐ எட்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் தூக்குகிறார்கள். ஆகவே பெருவெள்ளம் இப்போது ஊருக்குள் வருவதில்லை. ஆனால் 80க்கும் 110க்கும் இடைப்பட்ட ஓதத்தில் சான் மார்கோ இன்றும் நனையும். பேராலயத்தை மட்டும் 2022 முதல் கண்ணாடித் தடுப்பு காக்கிறது.

ஓதம் ஏறவும் வற்றவும் ஆறாறு மணி நேரம். சதுக்கத்தில் தண்ணீர் நிற்பது உச்சத்தைச் சுற்றிய சில மணி நேரமே. அதற்குள் ஊரின் உயரமான பகுதியில், சான் போலோவிலோ கன்னரேஜோவின் உள்பகுதியிலோ நடந்துவிட்டுத் திரும்பலாம். முக்கிய வழிகளில் மரப்பலகை நடைமேடைகள் போடுவார்கள். அதில் வலப்பக்கம் ஒதுங்கி, படம் எடுக்க நிற்காமல் போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஃபொண்டமெந்தாவில் தண்ணீர் ஏறியிருந்தால் பாதையின் விளிம்பும் கால்வாயும் ஒரே நீர்ப்பரப்பாகத் தெரியும். அங்கே நடக்கவே கூடாது. சுவரை ஒட்டி நடந்தாலும் பாலத்தின் அருகே விளிம்பு உள்வாங்கியிருக்கும்.

காலுக்கும் பைக்கும்

தெருவில் பாவியது ஏயுகனேயி குன்றுகளிலிருந்து வந்த டிராக்கைட் கல்; சொரசொரப்பானது, மழையிலும் பிடிப்பு உண்டு. ஆனால் பாலப்படிகளின் விளிம்பு வெள்ளை இஸ்திரியா கல். தேய்ந்து வழவழப்பாகி, நனைந்தால் சறுக்கும். இறங்கும்போது விளிம்பில் அல்ல, படியின் நடுவில் காலை வையுங்கள். படித்துறையின் கீழ்ப்படிகளில் பச்சைப் பாசி. அதில் கால் வைக்கவே கூடாது.

சக்கரப் பெட்டிதான் பலருடைய முதல் நாளைக் கெடுப்பது. சின்னப் பாலத்துக்கே ஏறப் பத்துப் பதினைந்து படி, இறங்க அவ்வளவு. தங்குமிடத்துக்கும் நிலையத்துக்கும் இடையில் எத்தனை பாலம் என்று முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் என்றால் வபொரெத்தோவுக்குச் செலவிடுவது நியாயம். ஒருநாள் மட்டும் என்றால் நிலையத்திலேயே பையை ஒப்படைத்துவிடலாம். சக்கர நாற்காலியிலோ மூட்டுவலியோடோ வருகிறவர்கள் ஒவ்வொரு தீவையும் தனி நடையாகப் பிரித்து, தீவிலிருந்து தீவுக்குப் படகில் போவதுதான் வழி. படகுகளில் ஏறுவது எளிது.

சான் மார்கோவைச் சுற்றியுள்ள படிகளிலும் ரியால்தோ படிகளிலும் உட்காரக் கூடாது, தரையில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது, புறாவுக்குத் தீனி போடக் கூடாது, அபராதம் உண்டு. உட்கார வேண்டுமென்றால் சான் ஜியாகோமோ தல்லோரியோ, சாந்தா மர்கெரீத்தா போன்ற காம்போக்களின் இருக்கைகள். காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் அதைவிடப் பல மடங்காகலாம். சந்தில் எப்போதும் வலப்பக்கம் நடப்பது ஊர் வழக்கம். வழி பார்க்க வேண்டுமானால் பாலத்தின் மேல் நிற்காமல் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். 1951இல் 1,74,000 பேர் வாழ்ந்த இந்தப் பழைய நகரில் இப்போது ஐம்பதாயிரத்துக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சந்துகள்தான் நெடுஞ்சாலை.

2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் நாட்களில் இரவு தங்காமல் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இருக்கிறது. 14 வயதுக்கு மேற்பட்டவர்கள், காலை 8.30 முதல் மாலை 4 வரை. 2025இல் அது 54 நாட்கள். முன்னதாகப் பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. ஊருக்குள் தங்குகிறவர்கள் கட்ட வேண்டியதில்லை, ஆனால் விலக்குச் சான்றை இணையத்தில் பதிந்து கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். நாட்காட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நகராட்சியின் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது நாள்: ரியால்தோவிலிருந்து வடக்கே

செவ்வாய் முதல் சனி வரை காலையில் ரியால்தோ மீன்சந்தை. 9 மணிக்குள் போனால் ஊர்க்காரர்கள் வாங்குவதைப் பார்க்கலாம். அருகே மதோன்னா சந்தில் தலைக்கு மேலே ஒரு கல் நீட்டல் இருக்கிறது; மேல்மாடி தெருவுக்குள் எவ்வளவு தூரம் நீண்டு கட்டலாம் என்பதற்கு அரசு வைத்த அளவுகோல் அது.

பாலத்தைக் கடந்து சான் ஜியோவன்னி கிரிசோஸ்தமோ தேவாலயத்தின் பின்னால் போனால், மலிப்ரான் அரங்கத்தை ஒட்டி மிலியோன் முற்றம். மார்கோ போலோ குடும்பத்தின் வீடு இருந்த இடம். வீடு இல்லை, பழைய வளைவு ஒன்றும் சில செதுக்குக் கற்களும் நிற்கின்றன. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் குதிரை இறங்கியதையும், முத்துக் குளித்ததையும் சொல்லி எழுதவைத்த மனிதர் நடந்த முற்றம் இது. தமிழ் வாசகர்கள் இந்த முற்றத்தைத் தேடிப் போவது வீணாகாது.

அங்கிருந்து மிராகொலி, சனிபோலோ தேவாலயங்கள். பிறகு மேற்கே திரும்பி வட கன்னரேஜோவுக்குப் போனால் நடை திடீரென்று எளிதாகிவிடும்: நீளமான மூன்று கால்வாய்கள் ஒன்றுக்கொன்று இணையாக, அவற்றின் ஓரமாகக் கரைப்பாதை, நேரான பார்வை. சேற்றுத் திட்டுகள் தாமாக ஒட்டி வளர்ந்த பகுதி அல்ல இது. காயலைத் தூர்த்துத் திட்டமிட்டு விரிவாக்கியது. வெயிலும் வெளிச்சமும் இங்கே தாராளம். ஓவியர் தின்தொரெத்தோவை அடக்கம் செய்த மதோன்னா தெல்லோர்த்தோ தேவாலயம் இந்தப் பகுதியில்தான்.

தெற்கே சில பாலம் தள்ளி கெத்தோ. 1516இல் யூதர்களை இந்தத் தீவில் மட்டும் வாழ வைத்து, இரவில் வாயிலைப் பூட்டினார்கள். இடம் விரியவில்லை, ஆள் பெருகினார்கள்; வீடுகள் ஏழெட்டு மாடிக்கு உயர்ந்தன, ஒவ்வொரு தளத்தின் கூரையும் தாழ்ந்தது. காம்போவின் நடுவில் நின்று சாளர வரிசைகளை எண்ணி, பக்கத்துத் தீவின் வீடுகளோடு ஒப்பிட்டால் அது கண்ணுக்கே தெரியும். தொழுகைக்கூடங்கள் மேல்மாடிகளில் இருப்பதால் வெளியிலிருந்து எளிதில் அடையாளம் தெரியாது, அருங்காட்சியகத்தின் வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். 1797இல் நெப்போலியனின் படை வந்தபோது வாயில்கள் அகற்றப்பட்டன. தெற்கு வாசலான சொத்தோபோர்த்தேகோவின் கல் தூணில் கதவுக் கீல் இருந்த குழிகள் இன்னும் இருக்கின்றன. அதைக் கடந்து கன்னரேஜோ கால்வாய் ஓரமாக இடப்பக்கம் நடந்து, குலியே பாலம் ஏறி இறங்கினால் இரயில் நிலையம் பத்து நிமிடத்துக்குள்.